ஆடம்பர நடை: ஒரு சொல்லின் பொருளும் ஆட்சியும்

நம் மன்றக் கூட்டங்கள் முடிந்து மாணவர்கள் வெளியே வரும்பொழுது, "இன்றைய பேச்சு எப்படி?" என்று ஒருவர் கேட்க, "மிகவும் ஆடம்பரமாக இருந்தது" என்று மற்றொருவர் முகமலர்ச்சியோடு விடை கூறுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பேச்சு நன்றாக இருந்தது என்பதே அவர் கருத்து. ஆனால், அவர் சொன்ன சொல் அதற்கு நேர்மாறான பொருளைத் தருகின்றது. பேசியவர் காதில் அது விழுந்திருந்தால் பாவம், அவர் முகம் வாடியிருக்கும்!

ஒரு சொல் இடம் மாறி நிற்பதனால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் எண்ணலாம். உப்பைச் சர்க்கரை என்று அழைப்பவன் சமையலறையில் நெடுநாள் இருக்க இயலாது. நடையின் குறையைக் குறிக்கும் சொல்லைப் பாராட்டாகப் பயன்படுத்துகிறவன், நாளடைவில் அக்குறையையே நிறைவாகக் கருதத் தொடங்குவான். தானும் அவ்வாறே எழுத முயல்வான். ஆதலின் இச்சொல்லின் பொருளையும், அதனை வாக்கியத்தில் அமைக்கும் முறையையும் சற்று விரிவாகக் காண்போம்.

இக்குழப்பம் நம்மிடையே மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான் கரமனையில் வாழ்கிறவன். ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் பழைய தெருக்களில் வீட்டுக்குள் தமிழ். கரமனைச் சந்திப்பில் பேருந்துக்கு நிற்கும்பொழுது மலையாளம். வகுப்பில் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள் ஏராளம். உருவம் ஒன்றாகவே இருக்கும். பொருள் சற்றே விலகி நிற்கும். 'கம்பீரம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் விருந்து நன்றாக இருந்தாலும் கம்பீரம். திரைப்படம் நன்றாக இருந்தாலும் கம்பீரம். தமிழில் "சாம்பார் கம்பீரமாக இருந்தது" என்றால் கேட்பவர் சிரிப்பார் அன்றோ? 'ஆடம்பரம்' என்பதும் இத்தகையதே. ஆடம்பரக் கார், ஆடம்பர விடுதி என்று விளம்பரங்கள் இரு மொழியிலும் முழங்குகின்றன. பொருளுலகில் விரும்பத்தக்கதாக விற்கப்படும் ஒன்று, சொல்லுலகிலும் விரும்பத்தக்கது என்று மாணவர் கருதிவிடுகின்றனர்.

சொல்லின் பிறப்பு

ஆடம்பரம் என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். அம்மொழியில் அது ஒருவகை முரசையும் முரசின் ஒலியையும் குறித்தது. ஒலி என்னும் பொருளிலிருந்து ஆரவாரம், வெளிப்பகட்டு என்னும் பொருள்கள் கிளைத்தன. நடையைக் குறிக்க இதன் இனமான 'டம்பரம்' என்னும் சொல்லை ஆண்டவர்களுள் பாணர் குறிப்பிடத்தக்கவர். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷசரிதத்தின் தொடக்கத்தில், நாட்டின் நான்கு திசையினரும் எதனை விரும்பி எழுதுகின்றனர் என்று அவர் வகுத்துரைக்கிறார். அவ்விடத்தில் கௌட நாட்டவர்க்கு உரியதாக அவர் கூறுவது எழுத்தொலியின் ஆரவாரத்தையே ஆகும்.

பிற மொழிகள் இக்குறைக்கு என்ன பெயர் வைத்துள்ளன என்று பார்ப்பதும் பயன் தரும். மலையாளத்தில் 'வாசாடோபம்' என்பர். ஆடோபம் என்றால் உப்புதல், வீங்குதல். ஆங்கிலத்தில் 'பாம்பாஸ்ட்' என்பர். ஆடைக்குள் திணித்து அதனைப் பருமனாகக் காட்டும் பஞ்சைக் குறித்த சொல் அது. தமிழில் வெற்றாரவாரம் என்றும் பகட்டு என்றும் வழங்குகிறோம். முதலாவது வெறும் ஒலி. இரண்டாவது கண்ணைப் பறிக்கும் மினுக்கு. முரசு, வீக்கம், பஞ்சு, மினுக்கு ஆகிய நான்கிற்கும் பொதுவானது யாது? வெளியே பெரிதாகத் தோன்றுவது உள்ளே அவ்வளவு இல்லை என்பதே. முரசின் உள்ளே இருப்பது காற்று. வீங்கிய கன்னம் கொழுத்த கன்னம் ஆகாது.

இதிலிருந்து இச்சொல்லின் இலக்கணத்தை வரையறுத்துவிடலாம். சொல்லும் பொருளுக்குத் தேவையானதைவிட மிகுதியான சொல்லையும் ஒலியையும், பிறர் வியக்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு பெய்து எழுதும் நடையே ஆடம்பர நடை. இதில் பழிப்புக் குறிப்பு எப்பொழுதும் உண்டு. ஆகவே, "அவர் ஆடம்பரமான நடையில் மிக அழகாக எழுதியுள்ளார்" என்னும் வாக்கியம் தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது. "அவர் நடை ஆடம்பரமானது; ஆயினும் கதை நம்மை ஈர்க்கிறது" என்று எழுதினால் முரண் இல்லை. குறை ஒரு பக்கமும் நிறை ஒரு பக்கமும் நிற்க, 'ஆயினும்' இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

எவை ஆடம்பரம் ஆகா?

இச்சொல்லைப் பாராட்டாக வழங்குவது ஒரு பிழை. நமக்குப் பிடிக்காத நடையையெல்லாம் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது மற்றொரு பிழை. இரண்டாவது பிழையை நன்கு படித்தவர்களும் செய்கின்றனர்.

கடினமான நடை ஆடம்பர நடை ஆகாது. அருஞ்சொல் ஒன்று பொருளுக்கு இன்றியமையாததாக இருந்தால் அதனை ஆளத்தான் வேண்டும். மருத்துவ நூலிலோ தருக்க நூலிலோ வரும் கலைச்சொல் நமக்கு விளங்காவிடில், அது நூலாசிரியரின் பகட்டு அன்று.

செறிவான நடையும் ஆடம்பர நடை ஆகாது. செறிவு என்பது குறைந்த சொல்லில் நிறைந்த பொருள். ஆடம்பரம் என்பது நிறைந்த சொல்லில் குறைந்த பொருள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்வன.

அணிகள் நிறைந்த நடையையும் அவ்வாறு சொல்லிவிடக் கூடாது. உவமை ஒன்று பொருளை விளக்குமானால் அது உழைக்கிறது. உழைப்பவனைச் சோம்பேறி என்னலாமோ? தண்டியலங்காரம் வைதருப்பம், கௌடம் என்னும் இரு நெறிகளைக் கூறுகிறது. செறிவு, தெளிவு, சமநிலை முதலிய பத்துக் குணங்களும் வைதருப்பத்துக்கு உயிர் என்று கொண்டு, கௌட நெறி அவற்றினின்று வேறுபடும் இடங்களைக் காட்டுகிறது. சொற்செறிவையும் முழக்கத்தையும் விரும்பும் கௌடத்தையும் நெறி என்றே அந்நூல் அழைக்கிறது. முழங்குவதற்கு உரிய பொருள் இருக்குமானால் முழக்கமும் தகும்.

கம்பீரமான நடை என்பதும் வேறு. கம்பீரம் என்னும் சொல்லுக்கு வடமொழியில் ஆழம் என்பது முதற்பொருள். ஆழ்ந்த நீர் ஓசையின்றிச் செல்லும். நடையில் ஆழமும் உயர்வும் இருந்தால் கம்பீரம் என்க. உயர்வு போன்ற தோற்றம் மட்டும் இருந்தால் ஆடம்பரம் என்க.

'மிகை' என்பதையும் பிரித்தறிய வேண்டும். "இவரைப் போல ஒருவரும் பிறந்ததில்லை, பிறக்கப்போவதுமில்லை" என்பது எளிய சொற்களால் ஆனது, ஆனால் மிகையானது. ஒன்றை உண்மையைவிடப் பெரிதாகக் காட்டுவது மிகை. சொல் பொருளைவிடப் பெரிதாக நிற்பது ஆடம்பரம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் கூடிவரலாம். எனினும் ஒன்று மற்றொன்று ஆகாது.

வாக்கியத்தில் அமைக்கும் முறை

இனி இலக்கணத்திற்கு வருவோம். ஆங்கில இலக்கணம் தனி இனமாகப் பிரிக்கும் பெயரடையைத் தமிழிலக்கணம் அவ்வாறு பிரித்ததில்லை. பெயர், வினை, இடை, உரி என்பனவே நம் பகுப்பு. திராவிட மொழிகளில் பண்பை உணர்த்தும் சொற்கள் பெரும்பாலும் பெயர்களே என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். ஆடம்பரம் என்பது பெயர். அதனோடு 'ஆன' சேர்ந்தால் அடுத்து வரும் பெயரைத் தழுவும். 'ஆக' சேர்ந்தால் அடுத்து வரும் வினையைத் தழுவும்.

"அவர் ஆடம்பரமான உரை நிகழ்த்தினார்" என்பதில் அடை உரையைச் சேர்கிறது. "அவர் ஆடம்பரமாகப் பேசினார்" என்பதில் பேசிய முறையைச் சேர்கிறது. 'ஆன' இல்லாமல் 'ஆடம்பர நடை' என்று தொகையாகவும் வழங்கலாம். அப்பொழுது புணர்ச்சியைக் கவனியுங்கள்: ஆடம்பர நடை, ஆடம்பர மொழி என்பவற்றில் ஒற்று மிகாது, ஆடம்பரப் பேச்சு, ஆடம்பரத் தொடர், ஆடம்பரச் சொல் என்பவற்றில் வல்லினம் மிகும். 'ஆடம்பரமான பேச்சு' என்னுமிடத்து மிகாது. 'ஆடம்பரமாகப் பேசினார்' என்னுமிடத்து மிகும். தேர்வுத் தாளில் இந்த நான்கினையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பவர் பலர்.

அடுத்தது, அடை நிற்கும் இடம். "ஆடம்பரமான தலைவரின் பேச்சு" என்று எழுதினால் தலைவர் பட்டுச் சட்டையும் பத்து மோதிரமுமாக நம் கண்முன் நிற்கிறார். "தலைவரின் ஆடம்பரமான பேச்சு" என்றால் அவர் கதர்ச் சட்டையோடு நின்றாலும் குறை பேச்சில் மட்டும் இருக்கும். எந்தப் பெயருக்கு அடையோ அந்தப் பெயரின் அருகிலேயே அதனை வைக்க வேண்டும்.

இதே காரணத்தால், "அவர் ஓர் ஆடம்பரமான எழுத்தாளர்" என்பதும் தவிர்க்கத்தக்கது. அவர் செலவாளி என்றே படிப்பவர் பொருள் கொள்வர். "ஆடம்பர நடையில் எழுதும் எழுத்தாளர்" என்றால் ஐயம் எழாது. நடை, சொல், பேச்சு, உரை, தொடர் முதலிய சொற்களுள் ஒன்று அருகில் இருந்தால்தான் இவ்வடை மொழியைப் பற்றியது என்பது விளங்கும். 'சொல்லாடம்பரம்' என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் தெளிவு. 'ஆடம்பரமான கருத்து' என்பதோ பொருந்தாது. கருத்து ஆழமானதாக இருக்கலாம், மேலோட்டமானதாக இருக்கலாம், தவறானதாகவும் இருக்கலாம். ஆடம்பரம் கருத்துக்குப் போர்த்திய போர்வையைப் பற்றியது.

கடைசியாக ஒன்று. "மிக மிகப் பேராடம்பரமான பெருமுழக்க நடை" என்று குறை கூறுகிறவர் தாம் கூறும் குறையைத் தாமே செய்துவிடுகிறார். ஓர் அடை போதும்.

ஒரு கடிதத்தின் கதை

இவையெல்லாம் இலக்கிய மாணவர்க்கே உரிய நுணுக்கங்கள் என்று பிற துறை நண்பர்கள் எண்ணிவிடக் கூடாது. எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

தந்தையை இழந்த தம்பி ஒருவன் பட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு பயின்று வந்தான். அவன் தாயார் அப்பளம் இட்டு விற்றுக் குடும்பம் நடத்துகிறவர். தமிழ் மாணவர்க்குக் கட்டண உதவி அளிக்கும் அறநிலையம் ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. மேடைகளில் கைதட்டல் வாங்கும் நண்பர் ஒருவரிடம் சென்று எழுதித் தரும்படி வேண்டினான். அவரும் அன்போடு எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் இவ்வாறு தொடங்கிற்று:

"வற்றாத வள்ளன்மையின் வானளாவும் ஊற்றே! கரைகாணாக் கருணைக் கடலே! கல்விக் கனவு கருகி, கண்ணீர்க் கடலில் கவிழ்ந்து, வறுமை என்னும் வல்லரக்கனின் வாயில் வீழ்ந்து வாடும் இவ்வேழை மாணவனின் இதயக் குமுறல் தங்கள் இன்செவியை எட்டாதோ?"

இரண்டு பக்கம் இப்படியே சென்றது. மூன்று வாரம் கழித்து அறநிலையத்திலிருந்து பதில் வந்தது: 'பயிலும் வகுப்பு, கட்டணத் தொகை, குடும்ப வருமானம் ஆகியவற்றைத் தெரிவிக்கவும்.' அவற்றை எழுதி அனுப்புவதற்குள் அந்தப் பருவத்துக்கான பட்டியல் முடிந்துவிட்டது. தாயார் வளையலை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தினார். "அண்ணா, இவ்வளவு ஒசந்த தமிழ்ல எழுதியும் அவாளுக்குப் புரியலையே?" என்று என்னிடம் கேட்டார்.

என்ன விடை சொல்வது? எழுதிய நண்பரின் உள்ளம் நல்லது. அவர் எழுதிய இரண்டு பக்கத்தில் மாணவன் இல்லை, அவ்வளவுதான். அக்கடிதத்தை எந்த ஊர் மாணவனும், எந்த ஆண்டும், எந்த உதவிக்கும் அனுப்பலாம். கண்ணீர்க் கடலில் கவிழ்ந்தவன் எத்தனை ரூபாய் இல்லாமல் கவிழ்ந்தான் என்பது அதில் இல்லை.

அடுத்த பருவத்துக்கு அவனே எழுதினான். நான் அருகில் இருந்தேன். எழுத்துப் பிழை தவிர வேறொன்றையும் திருத்தவில்லை.

"ஐயா, நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். என் தந்தையார் சென்ற புரட்டாசியில் காலமானார். தாயார் வீட்டில் அப்பளம் இட்டு விற்கிறார். மாத வருமானம் 9,000 ரூபாய். இந்தப் பருவக் கட்டணம் 6,400 ரூபாய். அதில் பாதியை நாங்கள் கட்டிவிடுவோம். மீதிக்கு உதவி கோருகிறேன்."

உதவி கிடைத்தது. இக்கடிதத்தில் உணர்ச்சி இல்லை என்று யாரேனும் சொல்வார்களோ? 'அதில் பாதியை நாங்கள் கட்டிவிடுவோம்' என்னும் ஒரு தொடரில் அக்குடும்பத்தின் மானமும் முயற்சியும் தெரிகின்றன. முதற்கடிதத்தின் கடலும் அரக்கனும் அதனைக் காட்டவில்லை.

நம் ஊரில் நடந்த வாதம்

சொல்லின் ஓசை பெரிதா, பொருள் பெரிதா என்னும் வினா திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலையாள இலக்கிய உலகை இரண்டாகப் பிளந்த 'பிராச வாதம்' இங்கிருந்தோரை நடுநாயகமாகக் கொண்டே நடந்தது. ஒரு பக்கம் கேரளவர்மா வலியகோயித்தம்புரான். மறு பக்கம் அவர் மருமகனும் 'கேரளபாணினீயம்' இயற்றிய இலக்கண அறிஞருமான ஏ.ஆர். ராஜராஜவர்மா. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டுமா, வேண்டாவா என்பதே வழக்கு. தமிழர்க்கு இது புதிய செய்தியா? நாம் எதுகை என்று அழைப்பதே அது!

மாமனார் அவ்வோசையின் அழகை வற்புறுத்தினார். 1894இல் அமைந்த அவருடைய 'மயூர சந்தேசம்' அதற்கு எடுத்துக்காட்டு. எதுகையைத் தேடிப் பொருளை இழத்தல் தகாது என்பது மருமகனார் பக்கத்தின் வாதம். அப்பக்கம் நின்ற கே.சி. கேசவபிள்ளை அந்த எதுகைக் கட்டுப்பாட்டை விட்டே 'கேசவீயம்' என்னும் காவியத்தைப் பாடிக் காட்டினார். நாம் இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. எதுகையை ஆண்டதனால் கேரளவர்மாவின் நடை ஆடம்பரமானது என்று முடிவு கட்டுவது தவறு. எதுகை மோனை இயல்பாக அமைந்தால் இன்பம். அதற்காகப் பொருந்தாத சொல்லை இழுத்து வந்து நிறுத்தினால் ஆடம்பரம். மேலே கண்ட கடிதத்தில் 'கல்வி, கனவு, கருகி, கண்ணீர், கடல், கவிழ்ந்து' என்று வந்த சொற்களைப் பாருங்கள். 'க' என்னும் எழுத்தே அவற்றை அழைத்து வந்தது. மாணவனின் நிலை அழைத்து வரவில்லை.

மனோன்மணீயமும் லிட்டனும்

தமிழுக்கும் இவ்வூரில் சான்று உண்டு. மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். அதன் வாழ்த்துப் பாடலின் பகுதியைத் தமிழ்நாடு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றுக்கொண்டதை யாவரும் அறிவர். நாடகத்தின் கதைக்கு மூலம் ஆங்கில எழுத்தாளர் லிட்டன் எழுதிய 'இரகசிய வழி' என்னும் கதை என்பதையும் தமிழ் மாணவர் படித்திருப்பர்.

அந்த லிட்டன் பிற்காலத்தில் எதற்குப் பெயர் பெற்றார் என்பது பலருக்குத் தெரியாது. 1830இல் வெளிவந்த அவருடைய நாவல் ஒன்று புயலடிக்கும் இரவை நீண்டதொரு வாக்கியத்தில் வருணித்துத் தொடங்குகிறது. ஆங்கில உலகில் அத்தொடக்கம் ஆடம்பர நடைக்கே அடையாளமாகிவிட்டது. அமெரிக்காவில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில், மிக மோசமான நாவல் தொடக்க வாக்கியத்தை எழுதுகிறவர்க்குப் பரிசு என்று 1982இல் ஒரு வேடிக்கைப் போட்டி தொடங்கி, அவர் பெயராலேயே பல ஆண்டுகள் நடத்தினர்!

ஆடம்பர நடைக்குப் பெயர்போனவரின் கதையைத் தழுவியதனால் மனோன்மணீயத்தின் நடையும் அத்தகையது ஆகிவிட்டதா? இல்லை. மனோன்மணீயத்தின் நடை உயர்ந்தது. பழைய செய்யுள் வழக்கைத் தழுவியது. இன்றைய மாணவர்க்குச் சில இடங்களில் கடினமானது. உரையின்றிப் பயில்வது எனக்கும் எளிதன்று. ஆயினும் அரசனும் முனிவனும் அமைச்சனும் பேசும் நாடகத்துக்கு அந்த உயர்வு தகும். "மனோன்மணீயத்தின் கம்பீரமான நடை" என்பது சரியான வாக்கியம். "மனோன்மணீயத்தின் ஆடம்பரமான நடை" என்று எழுதினால் அது வாசகனின் சோர்வை நூலின் மேல் ஏற்றுவதாகும்.

இதற்கு மறுகோடியில் நிற்பவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. இந்நகரில் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் அவர். குழந்தைக்கும் விளங்கும் சொல்லால் பாடினார். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி முறையின் கொடுமையையும் அதே எளிமையோடு நகைச்சுவை கலந்து பாடினார். இந்நகரத்து எழுத்தாளரான நீல பத்மநாபன் 1968இல் வெளிவந்த 'தலைமுறைகள்' நாவலில் இரணியல் வட்டாரப் பேச்சுமொழியைத் துணிந்து ஆண்டார். சாலைத் தெருவின் கடைகளையும் சுமைகூலிகளையும் ஆ. மாதவன் கதைகளாக்கினார். உயர்ந்த நடை, எளிய நடை, வட்டார நடை என்று மூவகையும் இந்நகரில் தழைத்தன. இவற்றுள் எதையும் ஆடம்பரம் என்று சொல்ல இடமில்லை. ஒவ்வொன்றிலும் சொல் பொருளுக்குப் பணிசெய்கிறது.

குறையைக் குறித்துச் சொல்லுதல்

நண்பர் ஒருவரின் கட்டுரையைப் படித்து, "உன் நடை ஆடம்பரமாக இருக்கிறது" என்று சொல்லி நிறுத்திவிட்டால் அவருக்கு மனவருத்தம் மட்டுமே மிஞ்சும். எங்கே, எவ்வாறு என்று காட்ட வேண்டும். இதற்குப் பவணந்தி முனிவர் நன்னூலில் தொகுத்த பத்துக் குற்றங்கள் இன்றும் உதவுகின்றன. தேவைக்கு மேல் சொன்னால் மிகைபடக் கூறல். ஒரே கருத்தை வேறு வேறு சொல்லால் மூன்று முறை சொன்னால் கூறியது கூறல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றை வருணிக்கப் புகுந்தால் மற்றொன்று விரித்தல். பெரிதாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்தால் சென்று தேய்ந்திறுதல். சொற்கள் நின்றும் பயன் இல்லாவிட்டால் நின்று பயனின்மை. ஆடம்பரம் என்பது நோயின் பொதுப்பெயர். இவை அதன் கூறுகள். மருத்துவர் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவதில்லை அன்றோ?

ஆகவே, "இரண்டாம் பத்தியில் நடை ஆடம்பரமாகிவிடுகிறது, மழையைப் பற்றிய மூன்று வாக்கியமும் ஒன்றையே கூறுகின்றன" என்று சொல்லுங்கள். கேட்பவர் மனம் கோணாமல் திருத்திக்கொள்வார்.

தாம் எழுதியதைத் தாமே சோதிக்க ஒரு வழி உண்டு. ஐயமுள்ள வாக்கியத்திலிருந்து அடைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் படித்துப் பாருங்கள். நீக்கியும் பொருள் குறையவில்லையென்றால் அந்த அடை அங்கே சும்மா இருந்தது. பிறகு, எஞ்சியதை வீட்டில் பேசும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சொல்ல ஏதும் அகப்படாவிட்டால் அவ்வாக்கியத்தில் முதலிலேயே ஒன்றும் இருந்ததில்லை. முதற்கடிதத்தின் தொடக்கத்தை இவ்வாறு சோதித்தால் எஞ்சுவது 'நான் ஏழை மாணவன்' என்னும் இரண்டு செய்தியே.

நம் தமிழைப் பற்றி ஒரு சொல்

கேரளத்தில் வாழும் தமிழ் மாணவர்க்கு உள்ளூர ஒரு கூச்சம் உண்டு. 'எளிது' என்பதற்கு 'எளுப்பம்' என்கிறோம். 'களைப்பு' என்பதற்கு 'க்ஷீணம்' என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் அதைக் கேட்டுச் சிரிக்கின்றனர். அக்கூச்சத்தை மறைக்க, எழுதும்பொழுது கையில் அகப்பட்ட பெரிய சொற்களையெல்லாம் அள்ளிப் பூசிக்கொள்கிறோம். மேடைத் தமிழே தமிழ் என்றும், வீட்டுத் தமிழ் தமிழே அன்று என்றும் எண்ணிவிடுகிறோம். ஆடம்பர நடைக்கு நம்மிடையே வேர் இதுதான் என்பது என் கருத்து.

இக்கூச்சத்துக்கு ஒரு தேவையும் இல்லை. எளிய பதம், எளிய நடை, யாவர்க்கும் எளிதில் விளங்கும் சந்தம் வேண்டும் என்று பாரதியார் 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முகவுரையில் எழுதினார். பழுதற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்களே பல சொல்ல விரும்புவர் என்பது வள்ளுவர் கருத்து. 'எளுப்பம்' என்பதை எழுத்தில் 'எளிது' என்று மாற்றிக்கொள்ளுங்கள், அது திருத்தம். அதையே 'எள்ளளவும் இடர்ப்பாடின்றி இனிதே இயற்றவல்ல எளிமையின் எழிற்கோலம்' என்று மாற்றினால் அது ஆடம்பரம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறிந்தவர் இச்சொல்லின் பொருளை அறிந்தவராவார்.

அடுத்த கூட்டத்தில் ஒரு பேச்சு உங்களுக்குப் பிடித்திருந்தால், தெளிவாக இருந்தது என்றோ, செறிவாக இருந்தது என்றோ, உண்மையிலேயே உயர்ந்திருந்தால் கம்பீரமாக இருந்தது என்றோ சொல்லுங்கள். ஆடம்பரம் என்னும் சொல்லை அதற்கு உரிய இடம் வரும்வரை சேமித்து வையுங்கள். அவ்விடம் வரும்பொழுது, ஒருமுறை, மெதுவாகச் சொன்னால் போதும்.